ரெட் காணாமல் போன ஆட்டம்

கடைசி வெள்ளைக் காயைப் பாக்கெட்டில் தள்ளிவிட்டு, எழுந்து நின்று கையை நீட்டினேன். கேரம் ஆட்டத்தில் ஜெயித்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள். எதிரில் உட்கார்ந்திருந்த யசோதரா என் கையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கையைக் கொடுக்கவில்லை.

"இன்னாத்துக்குக் கை?" என்றாள்.

"போர்டு முடிஞ்சுதே."

"ரெட்டு?"

"அதான் போட்டுட்டேனே."

நடுவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார். "ஏம்மா கலா, இன்னா வெளையாடுறியா? ரெட்டு தோ கீது பாரு!" என்று பலகையைத் தொடாமல் விரலைக் காட்டினார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த கூட்டம் சிரித்தது.

நான் பார்த்தேன். கறுப்புக் காய்கள் இருந்தன. ஸ்ட்ரைக்கர் இருந்தது. அவர் விரல் காட்டிய இடத்தில் வழவழவென்று வெறும் பலகைதான் இருந்தது.

கேரம் தெரியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. பலகையில் சிவப்புக் காய் ஒன்றே ஒன்று. அதைப் போட்டு, கூடவே அல்லது பின்னாலேயே நம் காய் ஒன்றையும் போட வேண்டும். அதற்குப் பெயர் ஃபாலோ. ரெட் வெளியே இருக்கும்போது நம் கடைசிக் காயைப் போட்டுவிட்டால் அந்த போர்டே எதிராளிக்குப் போய்விடும். இப்படிப் பல போர்டு சேர்ந்ததுதான் ஓர் ஆட்டம். ராயபுரத்தில் எந்தச் சந்தில் ஆடுகிறவனுக்கும் இது தெரியும். பால்குடி மறந்த நாளிலிருந்து கேரம் ஆடுகிற நான், ரெட்டை வெளியே விட்டுவிட்டு கடைசிக் காயைப் போட்டு, அதற்குக் கைகுலுக்கவும் நின்றுகொண்டிருந்தேன்.

அதுவும் எங்கே? வேலைக்கான தேர்வில். துறைமுகத்தை ஒட்டிய ஒரு பெரிய அலுவலகத்தில், விளையாட்டுக் கோட்டாவில் பெண்களுக்கு ஒரே ஓர் இடம். பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே இன்னும் பலர் நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்கள் நிம்மதியைக் கெடுப்பானேன். யசோதராவும் நானும் ஆளுக்கு ஓர் ஆட்டம் ஜெயித்து மூன்றாவதில் இருந்தோம். ஜெயித்தவளுக்கு வேலை. தோற்றவள் வந்த ரயிலிலேயே வீட்டுக்குப் போகலாம்.

நான் அப்போது திருவொற்றியூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டிருந்தேன். நாள் முழுக்க மூடியைத் திறந்து மூடி, அந்தப் பச்சை வெளிச்சத்தைக் கண்ணில் வாங்கும் உத்தியோகம். அதிலிருந்து தப்பிக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, விரல் நுனியில் இருந்த கேரம்தான்.

மஞ்சள் பலகை

போன வாரம் இந்தப் பத்திரிகையில் அண்ணன் கல்யாணப் பந்தி பற்றி எழுதியதில், வீட்டில் இரண்டு பேர் என்னோடு பேசுவதில்லை. அதனால் இந்த வாரம் என் தலையைப் பற்றியே எழுதிக்கொள்கிறேன். அதற்கு யாரும் கோபித்துக்கொள்ள முடியாது.

முதல் முறை அது வந்தது திருவொற்றியூர் ரயில் நிலையத்தில். நல்ல வெயில் நேரம். கும்மிடிப்பூண்டி வண்டியிலிருந்து இறங்கி நிமிர்ந்தால், எதிரே ஊர்ப் பெயர்ப் பலகையில் "திருவொ" வரைக்கும்தான் இருந்தது. அதற்கப்புறம் வெறும் மஞ்சள். ரயில்வேக்காரர்கள் பாதி எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள் என்று நினைத்துச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். அதிலும் ஒரு பக்கத்து எண்களைக் காணோம். சிரிப்பு நின்றுவிட்டது.

இதைக் கேட்பவர்கள் எல்லோரும், "கண்ணு இருட்டிக்கிச்சா?" என்றே கேட்பார்கள். இருட்டவில்லை, ஐயா. இருட்டினால் அங்கே ஏதோ இல்லை என்று நமக்குத் தெரியும். இது அப்படிப்பட்ட யோக்கியமான நோய் கிடையாது. நம் ஏரியாவில் ரோடு போடுகிற காண்ட்ராக்டர் பள்ளத்தில் பக்கத்து மண்ணையே அள்ளிக் கொட்டி, மேலே தாரைத் தெளித்து, வேலை முடிந்தது என்று பில் போடுவார் இல்லையா? என் மூளையும் அதைத்தான் செய்தது. எழுத்து விட்டுப்போன இடத்தில் பக்கத்திலிருந்த மஞ்சளை இழுத்துப் பூசி, பலகை இவ்வளவுதான் என்று என்னிடம் கணக்குக் காட்டியது.

கொஞ்ச நேரத்தில் பார்வையின் நடுவே சின்னதாக ஒரு மினுமினுப்பு தொடங்கும். அது வளைந்த கோடாகி, கோட்டுக்கு ரம்பம் மாதிரிப் பல் முளைத்து, பல் ஒவ்வொன்றும் வெல்டிங் வெளிச்சம்போல் துடிக்கும். கண்ணை மூடினாலும் துடிக்கும். ஒரு கண்ணைப் பொத்தினாலும் தெரியும், கோளாறு மற்றக் கண்ணில்தான் என்று நினைப்போம், மற்றதைப் பொத்தினாலும் அதே கதைதான். மெல்ல மெல்லப் பெரிதாகி ஓரத்துக்குப் போய், ஏறக்குறைய அரை மணி நேரத்தில் வெளியே இறங்கிவிடும். பார்வை முழுசாகத் திரும்பும். அப்பாடா என்று மூச்சு விடும்போது, ஒற்றைப் பக்கமாகத் தலைவலி வந்து உட்காரும். அதன் பிறகு வாந்தி.

தெருவுக்கு நாலு டாக்டர்

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

அம்மா தெருமுனையில் இட்லிக் கடை போட்டிருந்தாள். "காலைல துன்னாம ஓடுற. பித்தம் தலைக்கு ஏறிக்கினுது" என்று சுக்கை உரசி நெற்றியில் பற்றுப் போட்டாள். இட்லி விற்கிறவள் மகள் பட்டினி கிடக்கிறாள் என்று தெருவே பேசும் என்பது அவள் கவலை. தலைவலி அப்படியே இருந்தது, நெற்றி மட்டும் எரிந்தது.

பக்கத்து வீட்டு அத்தை, "கேரம்ல கப்பு வாங்கினு வந்துச்சே, அப்பவே சொன்னேன், கண்ணு பட்டுடும்னு" என்று உப்பும் மிளகாயும் கொண்டு வந்து சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடி வரவில்லையாம், அதனால் கண்ணேறு உறுதியாம். எனக்கு நெடி நன்றாகவே வந்தது. இரட்டிப்பு வலியோடு வாசலில் போய்ப் படுத்தேன்.

அண்ணன், "எல்லாம் இந்த போனாலதான்" என்று என் செல்போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டான். பிறகு ஒரு மாதம் அவனே அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கண்ணாடிக் கடைக்காரர் என்னை எழுத்துப் பலகை முன்னால் உட்காரவைத்தார். அன்றைக்கு எல்லா எழுத்தும் தெரிந்தது. ஆனாலும் வந்தவளை வெறும் கையோடு அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை, ஒரு கண்ணாடியை மாட்டிவிட்டார். அடுத்த முறை அந்த ரம்பக் கோடு வந்தபோது, கண்ணாடி வழியாகவும் அது அப்படியே தெரிந்தது.

ஜெராக்ஸ் கடை முதலாளி இன்னும் கெட்டிக்காரர். "லீவு வேணும்னா லீவுன்னு கேளு. பாதி பேப்பர் தெர்லன்னு டபாய்க்காத" என்றார். அவர் வைத்த பெயர்தான் 'சீன் கலா'. கடையிலிருந்து கிளம்பி, தெருவில் ஏறி, நான் ஆடும் கிளப் வரைக்கும் அந்தப் பெயர் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது.

கிளப்பில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் பாஸ்கர் அண்ணன். "கண்ண நம்பி ஆடறவன் பிளேயரே இல்ல. வெரல நம்பு" என்றார் அவர். இதைச் சொல்லும்போது அவர் தன்னுடைய கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார், அது அவர் தலைமேலேயே இருந்தது.

என்னென்ன தவிர்க்க வேண்டும்

கடைசியில் ஒருநாள் வலி தாங்காமல் அரசாங்க ஆஸ்பத்திரி வரிசையில் நின்றேன். சின்ன வயசு டாக்டரம்மா. நான் சொல்லச் சொல்ல அவர் சிரிக்கவில்லை. ஒரு பேப்பரில் வளைந்த ரம்பக் கோட்டைப் போட்டு, "இப்படியா?" என்றார். நான் அழுதுவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் என்ன செய்ய, அத்தனை பேருக்கு நடுவில் முதன்முதலாக ஒருவர் நம்பியிருக்கிறார்.

"இதுக்குப் பேரு மைக்ரேன். தலைவலிக்கு முன்னாடி பார்வையில வர்ற இதை ஆரான்னு சொல்லுவோம். உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு. மூளையில பார்வையைக் கவனிக்கிற இடத்துல ஏற்படுற தொந்தரவு இது" என்றார்.

மாத்திரை எழுதினார். பிறகு தவிர்க்க வேண்டியவற்றைச் சொல்ல ஆரம்பித்தார். கடும் வெயில் ஆகாது. கண் கூசும் வெளிச்சம் ஆகாது. புகை, தூசி, இரைச்சல், காட்டமான வாசனை எதுவும் ஆகாது. வேளைக்குச் சாப்பிட வேண்டும், நன்றாகத் தூங்க வேண்டும், கவலைப்படக் கூடாது.

எனக்கு உள்ளே ஆத்திரமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் விடிய விடிய ஹாரன் அடிக்கும் ஊரில், காற்று திரும்பினால் மணலி எண்ணெய் ஆலையின் கேஸ் நாற்றம் சோற்றுத் தட்டில் வந்து உட்காரும் ஊரில், கருவாட்டுக்கும் கரித்தூளுக்கும் நடுவே மூக்கு வைத்திருக்கும் ஒருத்தியிடம் இதையெல்லாம் தவிர்க்கச் சொன்னால் அவள் எங்கே போவாள்? வடசென்னையைக் காலி செய் என்று ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். சொல்லி முடித்துவிட்டு டாக்டரம்மாவே எழுந்து ஜன்னலைச் சாத்தினார். அன்றைக்குக் காற்று மணலிப் பக்கமிருந்து.

இருந்தாலும் நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டது. அதைப் பாஸ்கர் அண்ணனிடம் மட்டும் சொன்னேன். அவர் பதறிப்போய் என் வாயைப் பொத்தாத குறையாக, "வெளிய மூச்சு வுடாத. வேலைக்கு மெடிக்கல் கீது. கண்ணுல பிராப்ளம்னு ஒரு வார்த்த வுழுந்தா போதும், அப்பிடியே ஓரங்கட்டிடுவானுங்க" என்றார். அதனால் அந்தப் பெயரை மடித்து உள்ளே வைத்துக்கொண்டேன்.

மறுபடியும் பலகைக்கு

தேர்வு நடந்தது ராயபுரத்தில், ஒரு பழைய கட்டடத்தின் மாடியில். அன்று காலை பதற்றத்தில் எனக்கு ஓர் இட்லிகூட இறங்கவில்லை. பலகைக்கு மேலே தலையைத் தொடும் உயரத்தில் பல்பு. ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நிற்கும் லாரிகளின் கண்ணாடிகளில் வெயில் பட்டு, உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. தவிர்க்கச் சொன்ன எல்லாமே வந்து ஆஜர்.

எதிரே யசோதரா. வியாசர்பாடி ஹவுசிங் போர்டுப் பெண். அவளை எனக்குப் பிடிக்காது, அவளுக்கும் என்னைப் பிடிக்காது. ஒவ்வொரு போட்டியிலும் யாராவது ஒருத்தி இன்னொருத்தியின் கப்பைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறோம். 'சீன் கலா' அவளுக்கும் தெரியும். முதல் ஆட்டத்தில் நான் கண்ணைக் கசக்கியதைப் பார்த்ததுமே, "ஆரம்பிச்சிட்டாடா" என்று பெஞ்சைப் பார்த்துச் சொன்னாள்.

மூன்றாவது ஆட்டம். என்னிடம் வெள்ளை இரண்டு பாக்கி. வலது மூலைப் பாக்கெட் வாயில் ரெட்டும் ஒரு வெள்ளையும் ஒட்டிக்கொண்டு கிடந்தன. அடித்தேன். டொக்கென்று விழும் சத்தம் கேட்டது. நிமிர்ந்தால் அங்கே ஒன்றுமில்லை. இரண்டுமே உள்ளே போய்விட்டன என்று எடுத்துக்கொண்டேன். மிச்சமிருந்த வெள்ளை இடது பக்கம் நேராக நின்றது. அதையும் போட்டுவிட்டுக் கையை நீட்டினேன்.

ரெட் விழவேயில்லை. தெறித்து வலப்பக்கம் உருண்டு ஓரத்தில் நின்றிருக்கிறது. நான் எங்கே பார்த்தாலும் அதற்கு வலப்பக்கம் எனக்கு இல்லாமல் போயிருந்தது. மூளைக் காண்ட்ராக்டர் அந்த இடத்தில் பலகையைப் பூசி, பவுடரையும் தூவி வைத்திருந்தார்.

நடுவர் மறுபடியும் காட்டினார். நான் தலையை முழுசாக வலப்பக்கம் திருப்பினேன். ரெட் வெளியே வந்து நின்றது. அதே நேரத்தில் அந்த மினுமினுப்பும் தொடங்கிவிட்டது.

"தெரிஞ்சேதான் கை நீட்டுறா சார். ஏமாந்தா லாபம்" என்றான் பெஞ்சில் ஒருத்தன்.

இப்போது நான் இரண்டில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ரெட்டைப் பார்த்தேன் என்றால் நான் கள்ளாட்டக்காரி. பார்க்கவில்லை என்றால் கண் தெரியாதவள். இரண்டிலும் வேலை போகும். கள்ளாட்டக்காரி என்ற பெயரோடு அந்த மாடியிறங்க எனக்கு மனசு ஒப்பவில்லை.

"சார், எனக்கு இப்ப பாதி பார்வ இல்ல. அரை மணி நேரத்துல வந்துடும். இது ஒரு தலைவலி வியாதி" என்றேன்.

விளையாட்டு அதிகாரி என்று ஒருவர் மூலையில் போனோடு உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து அப்போதுதான் நிமிர்ந்தார். "கண்ணு தெரியாதவங்களுக்கு வேற கோட்டா கீதும்மா. அதுல அப்ளை பண்ணக் கூடாதா?" என்றார். பெஞ்ச் முழுக்கச் சிரித்தது. வேலை தரும் இடத்தில் இருப்பவர் ஒரு ஜோக் சொன்னால் அப்படித்தான் சிரிப்பார்கள்.

பலகையில் கிடந்த பவுடரில் விரலை வைத்து அந்தக் கோட்டைப் போட்டேன். வளைத்து, பல் பல்லாக, நடுவில் தொடங்கி ஓரம் வரைக்கும்.

"போர்டத் தொடாத! ஃபவுலு!" என்று நடுவர் அலறினார்.

யசோதரா குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தாள். அடுத்த கிண்டலுக்காக நான் காத்திருந்தேன். அவள் நிமிரவேயில்லை.

"இது பெரிசாயினே போவுமா?" என்றாள்.

"ஆமா."

"அப்பால தலவலியா?"

"ஆமா. வாந்தியும் வரும்."

"கோடு மின்னுமா?"

"மின்னும்."

அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "சார், இந்த போர்டு எனுக்குத்தான். மிச்ச ஆட்டம் அவுளுக்குக் கண்ணு வந்தப்பறம் ஆடிக்கிறோம்."

"அதெல்லாம் ரூல்ல இல்ல" என்றார் அதிகாரி. அதே நேரத்தில் படியில் பிரியாணி வாசனை ஏறி வந்தது. அவருக்கு வாங்கி வரச் சொன்ன பொட்டலம். அவர் ஒருமுறை பலகையைப் பார்த்தார், ஒருமுறை பொட்டலத்தைப் பார்த்தார். "சரி, லஞ்ச் வுட்டுடுங்க" என்றார். மருத்துவமும் மனிதாபிமானமும் வாங்கித் தராத அவகாசத்தை எனக்கு ஒரு மட்டன் பிரியாணி வாங்கித் தந்தது.

படிக்கட்டில்

வெளிச்சம் படாத படிக்கட்டுத் திருப்பத்தில் போய் உட்கார்ந்தேன். யசோதரா தண்ணீர் பாட்டிலோடு வந்து ஒரு படி கீழே குந்தினாள். ரம்பம் ஓரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

"எங்கம்மாவும் அதே கோட்டத்தான் போடும்" என்றாள். "கரியால செவுத்துல போட்டுக் காட்டும். இதான் தெரியுது, இதான் தெரியுதுன்னு. அல்லாரும் அத்தப் பாத்துட்டு சூனியம்னு சொல்லிட்டாங்க. எங்க நைனா சாமியே இல்லன்னு பேசுற ஆளு. பேய் ஓட்ட மட்டும் ஆள் தேடி இட்டுகினு போனாரு. வேப்பிலையால அடிச்சாங்க. வெளிச்சம் பட்டா கத்தும்ல, அத்தப் பாத்து இன்னும் அடிச்சாங்க."

நான் அவள் தந்த பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"நானும் கிட்டப் போவ மாட்டேன். பயம். என்னப் பாத்து, பாப்பா உன் மூஞ்சில பாதி காணோம்டின்னு அழுவும். ஓடிப் போய்க் கண்ணாடில பாப்பேன். இஸ்கூல்ல பாடம் நடக்கும்போதுகூட கன்னத்தத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்குவேன்." அவள் தன் கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். "அதுக்குப் பேரு இன்னா?"

"மைக்ரேன்."

"பேய் இல்லியே?"

"தலைவலிதான். மாத்திரை இருக்கு."

அவள் அந்தப் பெயரை வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். பிறகு எழுந்து, "வா, ஆடலாம். நீ தலவலின்னு நான் வுட்டுக் குடுக்க மாட்டேன், ஆமா" என்றாள்.

விட்டுக் கொடுக்கவில்லைதான். எனக்குப் பார்வை முழுசாக வந்திருந்தது, ரெட்டின் மேல் இருந்த கீறல்கூடத் தெரிந்தது. மண்டையின் ஒரு பக்கம் மட்டும் இடித்துக்கொண்டிருந்தது. எல்லாக் காய்களையும் கண்ணாரப் பார்த்துக்கொண்டே தோற்றேன். இந்தத் தடவை கையை நீட்டியது அவள். வேலை அவளுக்குப் போனது. எனக்கு வயிறு எரிந்தது என்பதை மறைப்பானேன், அன்றைக்கு நன்றாகவே எரிந்தது. அதிகாரி பல்லைக் குத்திக்கொண்டே, "ஒடம்பப் பாத்துக்கம்மா" என்றார்.

வாந்தி எடுத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினேன். கீழ்த் திருப்பத்தில் யசோதரா எனக்கு முதுகு காட்டி நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு கை கன்னத்தில் இருந்தது.

"ஆமா, ஜெயிச்சிட்டேன். அத்த வுடு. நான் சொல்றதக் கேளு. உனுக்குப் பேயும் இல்ல, சூனியமும் இல்ல. அது வெறும் தலவலிம்மா. பேரு கீது, மாத்திர கீது. இங்க ஒரு பொண்ணு அதே கோட்டப் போட்டுக் காட்டுச்சு... அழுவாத. எம்மா, அழுவாத. என் மூஞ்சிக்கு ஒண்ணும் ஆவல. அன்னிக்கும் நான் முழுசாத்தாம்மா உன் எதிர்ல நின்னுகினு இருந்தேன்."